யோனா நூல்

யோனா நூல், எபிரேய விவிலியத்தின் பன்னிரு சிறு இறைவாக்கினர் நூல்களுள் ஒன்று. 4 அதிகாரங்கள், 48 வசனங்கள் கொண்டது. இறைவாக்குத் தொகுப்பாக அன்றி, இறைவாக்கினரைப் பற்றிய கதையாக அமைந்தது இதன் தனித்தன்மை. அசீரியாவின் நினிவே நகரை எச்சரிக்க ஏவப்பட்ட யோனா, யோப்பாவில் கப்பலேறித் தர்சீசுக்குத் தப்ப முயல்கிறார். கடலில் எறியப்பட்டு, பெரிய மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்து மீண்டபின் நினிவே செல்கிறார். அரசன் முதல் கால்நடை வரை சாக்குடை உடுத்தி நோன்பிருக்க, கடவுள் தண்டனையை விலக்குகிறார். நூலின் ஆழம் 4ஆம் அதிகாரத்தில் உள்ளது: பகைவரான நினிவே மக்களுக்குக் கிடைத்த இரக்கம் யோனாவுக்குச் சினமூட்டுகிறது. தமக்கு நிழல் தந்து வாடிய ஆமணக்குச் செடிக்காக வருந்தும் அவரிடம், 1,20,000 பேருக்கு மேல் வாழும் நகருக்குத் தாம் இரங்கலாகாதா என்று கடவுள் வினவுகிறார். அவ்வினாவோடு நூல் முடிகிறது. யூதர்கள் இந்நூலைப் பாவப் பரிகார நாளான யோம் கிப்பூர் பிற்பகலில் வாசிக்கின்றனர். சிரியக் கிறித்தவ மரபினர் மூன்று நாள் நினிவே நோன்பு கடைப்பிடிக்கின்றனர்.