பயிற்சி முடிந்த பிறகு இரண்டு ஆண்டு

நம் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்மணி சென்ற மாதம் ஒரு நோட்டீஸைக் காட்டி, "இது நிஜமா சார்?" என்று கேட்டார். இலவசத் தையல் பயிற்சி, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று அதில் இருந்தது. நிஜம்தான் என்றேன். அவர் முகத்தில் பெரிய மகிழ்ச்சி தெரியவில்லை. "ஏற்கெனவே ஒரு இடத்துல கூடை பின்னக் கத்துக்கிட்டேன் சார். சர்டிபிகேட் மட்டும்தான் வீட்ல இருக்கு" என்றார்.

37 ஆண்டுகள் வங்கியில் எழுத்தராக இருந்த எனக்கு அந்தப் பதில் புதிதல்ல. அந்தச் சர்டிபிகேட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பெருமைப்படக்கூடிய பங்கு அல்ல.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமாயின. அதன்பின் ஏழைகளுக்குக் கடன் கொடுப்பதும் வங்கியின் வேலையாயிற்று. 1978-ல் ஐ.ஆர்.டி.பி. என்ற ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் வந்தது. கடனோடு மானியமும் உண்டு. ஆனால் தொழில் தெரியாதவர் கையில் கடனைக் கொடுத்து என்ன பயன்? அதற்கு விடையாக 1979 ஆகஸ்ட் 15 அன்று டிரைசெம் திட்டத்தைத் தொடங்கினார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள கிராமக் குடும்பங்களில் 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குத் தொழிற்பயிற்சியும் மாத உதவித்தொகையும் தரும் திட்டம் அது. பயிற்சியை அரசு கொடுக்கும், கடனை வங்கி கொடுக்கும். காகிதத்தில் கணக்கு சரியாகவே இருந்தது.

பி.காம். முடித்து 1982-ல் நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு கிராமக் கிளையில். இரண்டு மூன்று வருடம் கழித்து ஓர் இளைஞர் டிரைசெம் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தார். ரேடியோ பழுது பார்க்கப் பயின்றவர். கருவிகள் வாங்கக் கடன் கேட்டார். மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வா தம்பி என்றேன். அடுத்த வாரம் வந்தார். இந்த ஆண்டு இலக்கு முடிந்துவிட்டது, ஏப்ரலில் பார்க்கலாம் என்றேன். ஏப்ரலில் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றேன். ஒவ்வொரு முறையும் "சரிங்க சார்" என்றுதான் போனார். ஐந்தாவது முறை வரவில்லை. ஒரு வருடம் கழித்து மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். திரும்பக் கும்பிட எனக்குக் கை எழவில்லை.

நான் விதியை மீறவில்லை. பயிற்சி ஒரு துறை, கடன் இன்னொரு துறை. நடுவில் இருந்த இடைவெளிக்கு யாரும் பொறுப்பில்லை. பின்னாளில் டிரைசெம்மை மதிப்பிட்டபோது, பயின்றவர்களில் பெரும் பகுதியினர் தொழிலின்றியே இருந்தது தெரியவந்தது. 1999 ஏப்ரலில் அதை எஸ்.ஜி.எஸ்.ஒய். என்ற புதிய திட்டத்தோடு இணைத்துவிட்டார்கள்.

உஜிரேயில் தொடங்கியது

நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1982-ல், கர்நாடகத்தில் தர்மஸ்தலம் அருகே உள்ள உஜிரே என்ற ஊரில் வேறு மாதிரியான ஒரு முயற்சி தொடங்கியது. தர்மஸ்தலம் கோவிலின் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்டே முன்னின்றார். சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் கூட்டுச் சேர்ந்தன. ஊரக வளர்ச்சி மற்றும் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் என்று பெயர். சுருக்கமாக ரூட்செட் என்பார்கள். மதுரையிலும் ஒரு நிலையம் இருக்கிறது.

சிண்டிகேட் வங்கிக்கு இந்த வேலை பொருத்தமானதுதான். 1925-ல் உடுப்பியில், நலிந்த கைத்தறி நெசவாளர்களுக்கு உதவத் தோன்றிய வங்கி அது. 1928-லிருந்தே வீடு வீடாகப் போய்த் தினம் இரண்டணா வசூலித்த 'பிக்மி' சேமிப்பு அவர்களுடையது. சிறிய பணத்தின் அருமை தெரிந்தவர்கள்.

ரூட்செட்டில் பயிற்சி குறுகிய காலம்தான், சில வாரங்களில் முடிந்துவிடும். உணவும் தங்கலும் இலவசம். தொழிலை மட்டும் சொல்லித் தருவதோடு நிற்பதில்லை. ஓர் உதாரணம், வளையம் எறியும் விளையாட்டு. எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை ஆடுபவரே முடிவு செய்யவேண்டும். மிக அருகில் நின்றால் சாதனை இல்லை, மிகத் தொலைவில் நின்றால் அது சூதாட்டம். கணக்குப் பார்த்துத் துணிவது எப்படி என்று இதில் புரியவைக்கிறார்கள். இந்த முறைக்கு மூலம் ஹார்வர்டு பேராசிரியர் டேவிட் மெக்லெலண்ட். அவர் 1960-களில் ஆந்திராவின் காக்கிநாடாவில் சிறு வணிகர்களுக்கு இப்படிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தொழிலை விரிவாக்கினார்கள் என்று கண்டார். அதன்பின் சந்தை ஆய்வு, வங்கியில் பேசும் முறை, திட்ட அறிக்கை எழுதுவது எல்லாம் உண்டு.

ஆனால் என்னைக் கவர்ந்தது பயிற்சி முடிந்த பிறகு நடப்பது. இரண்டு ஆண்டுகள் அவர்களைத் தொடர்கிறார்கள். கடிதம், போன், நேரில் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. கடன் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் எந்த மேஜையில் நிற்கிறது? நிலையம் தன் வெற்றியாகக் கணக்கிடுவது பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையை மட்டும் அல்ல. எத்தனை பேர் தொழிலில் நிலைத்தார்கள் என்பதே முக்கியக் கணக்கு. அந்த ரேடியோ தம்பிக்கு இப்படி ஒருவர் துணை இருந்திருந்தால், என்னால் அவரை நாலு முறை திருப்பி அனுப்பியிருக்க முடியாது.

மாவட்டத்துக்கு ஒன்று

இந்த முறையைப் பார்த்த மத்திய அரசு, 2009-ல் மாவட்டத்துக்கு ஒரு பயிற்சி நிலையம் என்று முடிவு செய்தது. இவை ஆர்செட்டி எனப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள். பெரும்பாலும் அந்தந்த மாவட்டத்தின் முன்னோடி வங்கியே நடத்துகிறது. கட்டடத்துக்கு மத்திய அரசு ஒரு கோடி ரூபாய் வரை மானியம் கொடுத்தது. தொடக்கத்தில் 18 முதல் 45 வயது என்று வரையறை வைத்தார்கள். இன்று நாடெங்கும் 500-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. தையல், செல்போன் பழுது, மோட்டார் ரீவைண்டிங், கறவை மாடு, காளான் என்று பல பிரிவுகள் உண்டு.

நகரத்தாருக்கு வேறு வழி இருக்கிறது. 1967-ல் பம்பாய் வொர்லியில் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய 'ஷ்ரமிக் வித்யாபீடம்', பிறகு பல நகரங்களுக்குப் பரவி, 'ஜன் சிக்ஷன் சன்ஸ்தான்' என்று பெயர் மாறியது. அதிகம் படிக்காதவர்களும் அங்கே சேரலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு மாதம் தங்கிப் படிப்பது பல பெண்களால் முடியாது. கிராமத்துக்கே போய் நடத்தும் வகுப்புகள் அதற்கு ஓரளவு ஈடு. கடன் கேட்டுப் போனால் இன்றும் அலைச்சல் உண்டு. 2015 முதல் முத்ரா கடனுக்கு அடமானம் தேவையில்லை என்றாலும், படிவத்தைப் பார்த்தவுடனே பின்வாங்குபவர்கள் அதிகம்.

நம் பங்கு

நம் குடியிருப்பில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள் மட்டும் ஆறேழு பேர் இருக்கிறோம். பயிற்சி கொடுக்க நிலையங்கள் இருக்கின்றன. நம்மிடம் வேலை செய்யும் பெண்களுக்கும் காவலாளிகளுக்கும் இல்லாதது கூடவே வரும் ஓர் ஆள். படிவம் நிரப்ப, திட்ட அறிக்கை எழுத, வங்கிக்கு உடன் போக, ஆறு மாதம் கழித்து "தொழில் எப்படிம்மா போகுது?" என்று கேட்க.

அந்தப் பெண்மணி அடுத்த தையல் பிரிவுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். அவர் வராத நாட்களில் வீட்டு வேலையை நாமே செய்துகொண்டு, சம்பளத்தைப் பிடிக்காமல் இருப்பது நம் முதல் உதவி. அவர் பணிபுரியும் நான்கு வீட்டாரிடமும் பேசியிருக்கிறேன். மூன்று வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். நான்காவது வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். சான்றிதழோடு யார் வந்தாலும், அடுத்த வாரம் வா என்று சொல்லமாட்டேன்.