ஞாயிற்றுக்கிழமைத் துடைப்பம்

நான் நங்கநல்லூருக்குக் குடிவந்தபோது அது ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-ல்தான். அந்த நாளில் குப்பையைத் தெருமுனைத் தொட்டியில் நாமே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். 1989-ல் எம்.பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோராவைத் தொடங்கினார். தெருக்காரர்களே சங்கம் வைத்து, மாதச் சந்தா போட்டு, ஒரு மூன்று சக்கர வண்டியும் அதற்கு ஓர் ஆளும் அமர்த்திக்கொள்வது அவர் காட்டிய வழி. அதைப் பார்த்து எங்கள் தெருவிலும் ஒரு குழு சேர்ந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறரைக்குத் துடைப்பமும் மண்வெட்டியுமாக இறங்குவோம். முடிந்ததும் யார் வீட்டிலாவது காபி, சுண்டல். சுண்டலுக்காகவே வந்தவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். ஜனங்கள் ரயில் ரயிலாக ஊரைக் காலி செய்தார்கள். அடுத்த ஆண்டு அங்கே ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ், நாடே திரும்பிப் பார்க்கும்படி அந்த ஊரைச் சுத்தமாக்கினார். அந்தப் பயம் எங்கள் தெரு வரைக்கும் வந்தது. அந்த அக்டோபர் ஞாயிறு கூடிய கூட்டத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிளேக் எலியோடும் தெள்ளுப்பூச்சியோடும் வருவது. குப்பை போனால் எலி குறையும். ஆகவே பத்துப் பேர் கூடிப் பெருக்குவதுதான் மருந்து.

2020 மார்ச்சில் எனக்குத் தோன்றிய முதல் யோசனையும் அதுதான், எல்லோரையும் கூப்பிட்டுத் தெருவைக் கழுவிவிடலாம் என்று. பம்பாய் பிளேக்குக்காக 1897-ல் வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தையே அரசாங்கமும் தூசி தட்டி எடுத்தது. ஆனால் இது மூச்சில் பரவுகிற நோய். கூடுவதே ஆபத்து. முப்பது வருஷப் பழக்கம் ஒரே வாரத்தில் நின்றது.

ஜூலையில் ஒருநாள் காலை, வண்டியோடு வரும் அம்மா எங்கள் வீட்டு ஈரக்குப்பை வாளியிலிருந்து ஒரு முகக்கவசத்தை விரலால் எடுத்துக் காட்டினார். கையுறை கிழிந்திருந்தது.

"சார், இதுல யார் மூச்சு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அது என்னுடையது. முந்தின நாள் பால் வாங்கப் போய்வந்து கழற்றிப் போட்டது. அப்போதுதான் நாங்கள் எல்லோரும் அவர்களைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மரியாதையாக எழுதத் தொடங்கியிருந்தோம். அந்த மரியாதை என் வாளிக்குள் போகவில்லை.

அன்றே தேடிப் படித்தேன். பிளாஸ்டிக் மேல் இந்தக் கிருமியை 72 மணி நேரம் வரை கண்டதாக ஆய்வுக்கூடச் சோதனை சொன்னது. பயன்படுத்திய முகக்கவசத்தையும் கையுறையையும் காகிதப் பையில் குறைந்தது 72 மணி நேரம் வைத்து, பிறகு வெட்டிப் போடுங்கள் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சொல்லியிருந்தது. தொற்று உள்ள வீட்டுக் குப்பைக்கு மஞ்சள் பை, அது தனியாகப் போகும்.

செப்டம்பரில் தளர்வுகள் வந்தன. முன்னால் மழைக்காலம். வடிகால் வாயில் தேங்காய் மட்டையும் பாலிதீனும். டெங்குவுக்கும் பயப்பட வேண்டும், 2015 டிசம்பரையும் மறக்க முடியாது. மறுபடி தொடங்கலாம் என்று தொலைபேசியிலேயே பேசி முடிவு செய்தோம். ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது அப்போதும் இருந்தது. ஆகவே குழுவுக்கு நான்கு பேர், குழுவுக்கு ஒரு பக்கம். அவரவர் துடைப்பம் அவரவருக்கு. குப்பையைக் கையால் தொடாமல் இடுக்கி. தெருவின் இரு முனையிலும் வாளித் தண்ணீர், சோப்பு. முகக்கவசம் தாடைக்கு இறங்கினால் வீட்டுக்கு அனுப்புவது. சுண்டல் கிடையாது. அறுபது தாண்டியவர்களும் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் இறங்கக்கூடாது.

கடைசி விதியை எழுதியது நான். எழுதி முடித்த பிறகுதான் எனக்கு அறுபத்தேழு என்பது உறைத்தது. என் மனைவி சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

அக்டோபர் 4, ஞாயிறு. மாடி வராந்தாவில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் இறங்கினார்கள். பத்து வருஷமாகக் கூப்பிட்டும் வராதவர்கள்! ஒரு பையன் மண்வெட்டியைப் பிடித்த விதத்தைப் பார்த்து மேலிருந்தே கத்தினேன். வடிகால் வாயிலிருந்து பதினோரு சாக்கு மண் எடுத்தார்கள். எட்டரைக்கெல்லாம் கலைந்துவிட்டார்கள், வாசலில் நின்று பேசக்கூட இல்லை. அதன் பிறகு பதினைந்து நாள் ஒவ்வொரு வீடாகப் போன் செய்து காய்ச்சல், இருமல் உண்டா என்று கேட்டேன். ஒருவருக்கும் இல்லை. பதினைந்தாம் நாள் இரவுதான் சரியாகத் தூங்கினேன்.

நவம்பர் 25 இரவு நிவர் புயல். முழங்கால் வரை ஏறிய தண்ணீர் விடிவதற்குள் வடிந்திருந்தது. மழை விட்டபின் வண்டியோடு வந்த அம்மா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"சார், ரெண்டு வீட்ல பை மேல தேதி போடல."

கதவு எண்களைக் குறித்துக்கொண்டு போனை எடுத்தேன்.