கடைமடையில் ஒரு பட்டணம்

காரைக்கால் வழியாகப் போகாத சென்னைக்காரர் குறைவு. காரைக்காலைப் பார்த்தவரும் குறைவு. திருநள்ளாறு வருகிறார்கள், நளன் குளத்தில் குளிக்கிறார்கள், சனீஸ்வரனுக்கு எள் தீபம் போடுகிறார்கள், அப்படியே நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ வண்டியைத் திருப்பி விடுகிறார்கள். நடுவில் ஒரு பட்டணம் இருக்கே, அது என்ன ஊருன்னு யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் ஒரே கேள்விதான்: "இது தமிழ்நாடா, பாண்டிச்சேரியா?"

இதுக்கு ஒரு வரியில் பதில் சொன்னா "புதுச்சேரி மாநிலம்"னு முடிஞ்சு போயிடும். ஏன் அப்படி ஆச்சுங்கிறதுதான் கதை. அந்தக் கதையில் நெல்லும் தண்ணியும் கப்பலும் இருக்கு. அதனாலதான் ஒரு விவசாயி இதை எழுதுறேன்.

முதல்ல கிடப்பைச் சொல்லிடுறேன். சுமார் 160 சதுர கிலோமீட்டர். மூணு பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். தலைநகர் புதுச்சேரி வடக்கே சுமார் 130 கிலோமீட்டர். வடக்கே நண்டலாறு தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு என்று காவிரியின் விரல்கள் பலதும் எங்க பகுதி வழியாகத்தான் கடலைத் தொடுகின்றன. பேருக்கு விளக்கம் ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. காரைச் செடி என்பார் ஒருவர், சுண்ணாம்புக் காரை என்பார் இன்னொருவர். "கால்" என்பது வாய்க்கால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊரின் பழமைக்குச் சாட்சி ஒரு பெண். காரைக்கால் அம்மையார், 63 நாயன்மார்களில் ஒருவர், தேவாரம் பாடிய சம்பந்தருக்கும் முந்தியவர். மாங்கனிக் கதை எல்லாருக்கும் தெரியும். பெரியபுராணத்தில் வரும் அந்தக் கதையைக் கொஞ்சம் ஊர்க் கதையாகவும் படிச்சுப் பாருங்க. புனிதவதியின் அப்பா தனதத்தன் வணிகர். புருஷன் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் வீட்டுப் பிள்ளை. பெண்டாட்டியின் தெய்வத்தன்மையைப் பார்த்துப் பயந்துபோய் கப்பல் ஏறியவன், திரும்பி இந்த ஊருக்கு வரவே இல்லை. பாண்டிநாட்டில் ஒரு துறைமுகப் பட்டணத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்று பேர் வைத்தான். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதியபோதே காரைக்கால் என்றால் கடல் வணிகர்கள் இருக்கிற ஊர், ஆம்பளைங்க கப்பல் ஏறிப் போகிற ஊர். அந்தக் கப்பல் பின்னாலும் வரும், பாருங்க.

தெற்கே திருமலைராயன்பட்டினம். நாங்க சுருக்கமா டி.ஆர். பட்டினம்னு சொல்வோம். விஜயநகரக் காலத்தில் இந்தப் பக்கம் ஆண்ட திருமலைராயன் பேரில் அமைந்த ஊர். காளமேகப் புலவர் இங்கே அவமானப்பட்டு, ஊர் மண்மாரி பெய்து அழியட்டும் என்று பாடினார் என்பது கதை. கடற்கரை ஊரில் காற்றடித்தால் மண் பறக்கும், அதைப் புலவர் சாபத்தில் சேர்த்துவிட்டார்கள் போல.

இனி வெள்ளைக்காரன் கதை. இந்தக் கரையோரத்தில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரன் 1620லேயே வந்து கோட்டை கட்டிவிட்டான். நாகப்பட்டினம் டச்சுக்காரன் கையில் இருந்தது. பிரெஞ்சுக்காரனுக்குப் புதுச்சேரி இருந்தது. ஆனா அங்கே சோறு இல்லை. புதுச்சேரியைச் சுத்தியிருக்கிற மண் தஞ்சாவூர் வண்டல் மாதிரி நெல் விளைகிற மண் இல்லை. பட்டாளத்துக்கும் பட்டணத்துக்கும் அரிசி வேணும்னா காவிரிப் பாசனத்தில் ஒரு துண்டு நிலமும் ஒரு துறையும் வேணும்.

1738இல் தஞ்சாவூரில் மராட்டிய அரச குடும்பத்துக்குள் சண்டை. அரியணை இழந்த ஷாஜி, புதுச்சேரி கவர்னர் துய்மாவிடம் உதவி கேட்டார். காரைக்கால் பட்டணம், கருக்களாச்சேரிக் கோட்டை, பக்கத்துக் கிராமங்கள் இதையெல்லாம் பிரெஞ்சுக்காரருக்குத் தருவது, பதிலுக்கு ஷாஜிக்குச் சக்கரப் பணம் என்று பேச்சு. ராஜா திரும்ப அரியணை ஏறினதும் இழுத்தடித்தார். கடைசியில் சந்தா சாகிபின் படை கோட்டையைப் பிடித்துக் கொடுக்க, 1739 பிப்ரவரியில் காரைக்கால் பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே வந்தது. கோட்டை இன்று இல்லை. கருக்களாச்சேரி என்ற பேர் மட்டும் மீனவர் கிராமப் பேராக இருக்கிறது.

கையெழுத்துப் போட்டவன் யாராயிருந்தாலும் நடுவில் மாட்டினவன் குடியானவன். 1758இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி பழைய பாக்கியை வசூல் பண்றேன்னு தஞ்சாவூர் மேல் படையெடுத்தார். வழியில் நாகூரையும் கீழ்வேளூர்க் கோயிலையும் சூறையாடினார். தஞ்சாவூரைப் பிடிக்க முடியாமல், பட்டினிப் படையோடு காரைக்காலுக்குத்தான் பின்வாங்கினார். அடுத்து ஆங்கிலேயர் முறை. 1760, 1778, 1793 என்று மூன்று தடவை காரைக்காலைப் பிடித்தார்கள். ஐரோப்பாவில் ராஜாக்கள் சமாதானம் பேசும்போதெல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியாகத் திருப்பித் தந்தது 1817இல். அதுக்கப்புறம் 137 வருஷம் பிரெஞ்சு ஆட்சி.

அடுத்தது கப்பல். 1848இல் பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் ஏத்த ஆரம்பித்தார்கள். ரெயூனியன் தீவு, மர்த்தினிக், குவாதலூப். 1853இல் "ஓரெலி" என்ற கப்பல் முதல் தமிழ்க் கூலிகளை மர்த்தினிக்கில் இறக்கியது. அதன்பின் அங்கே சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்கு 40,000க்கும் மேல். எல்லாரும் காரைக்கால்காரர் இல்லை. சுத்துப்பட்டு தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்தும் மற்ற ஜில்லாக்களிலிருந்தும் பஞ்சத்துக்குப் பயந்து வந்த கூலி ஜனங்கள் நிறையப் பேர். நெல் விளைகிற பூமியிலிருந்தே சோத்துக்கு இல்லாமல் ஜனங்க கப்பல் ஏறியிருக்காங்க என்பதை நாம யோசிக்கணும். விளைஞ்ச நெல் வேற, அதை அறுத்தவன் வயிறு வேற. அந்தத் தீவுகளில் இன்றும் "மாலியெமென்" என்று கும்பிடுகிறார்கள். நம்ம மாரியம்மன்தான்.

கூலியாகப் போனவர் போக, உத்தியோகத்துக்குப் போனவர்களும் உண்டு. 1881இல் ஒரு ஆணை வந்தது. இந்து, முஸ்லிம் சொந்தச் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பேர் ஒன்றை வைத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கீழே வரலாம் என்று. தாழ்த்தப்பட்ட சாதியார், கிறிஸ்தவர்கள் பலர் அந்த வழியில் போனார்கள். சாதிப் பேரை உதறிவிட்டு ஒரு பிரெஞ்சுப் பேரை எடுத்துக்கொள்வது அவங்களுக்குச் சின்ன விஷயமா இருந்திருக்காது. சைகோனில் பிரெஞ்சிந்தியத் தமிழர்கள் போலீஸ், கணக்கர், பட்டாளம், கடை என்று எல்லா வேலையிலும் இருந்தார்கள். பட்டாளத்தில் இருந்து வந்தவரை இந்தப் பக்கம் "சொல்தா" என்பார்கள். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். 1962க்கப்புறம் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிசில் இருந்து ஆடி மாசம் லீவுக்கு வருகிறார்கள்.

உள்ளூர் நிர்வாகத்திலும் அந்தத் தழும்பு இருக்கு. 1880இல் பிரெஞ்சுக்காரர் கொம்யூன் முறையைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியம் என்றால், எங்களுக்கு இன்னும் கொம்யூன் பஞ்சாயத்துதான். கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம், அதோட காரைக்கால் நகராட்சி.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஆங்கிலேயன், இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் என்றால் கடத்தல் இல்லாமல் இருக்குமா? வரப்பு ஒண்ணு, வரி ரெண்டு. 1941இல் ரெண்டு தரப்பும் சுங்கத்தைப் பொதுவாக்கின. 1949இல் சுதந்திர இந்தியா அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டதும் மறுபடி எல்லையில் சோதனை. மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு நண்டலாறு தாண்டிப் போறவனும் மூட்டையை அவிழ்த்துக் காட்டணும். ரயிலும் அப்படித்தான் வந்தது. 1898இல் பிரெஞ்சு அரசாங்கத்துப் பணத்தில் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். 1980களில் அதை மூடினார்கள். பிறகு 2011இல்தான் நாகூர் பக்கமிருந்து மறுபடி ரயில் வந்தது.

1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. பிரான்சு சட்டப்படி ஒப்புதல் கொடுத்தது 1962 ஆகஸ்ட் 16இல். சுதந்திர தினம் முடிஞ்ச மறுநாளும் எங்களுக்கு ஒரு விழா இருப்பது அதனாலதான். பக்கத்து வாய்க்காலோடு சேராமல், 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற புதுச்சேரியோடு ஏன் இருக்கோம்னா, ஒரே முதலாளியிடம் ஒண்ணா வேலை பார்த்த பழக்கம்தான் காரணம்.

இத்தனையும் சேர்ந்து ஊருக்கு ஒரு குணம் கொடுத்திருக்கிறது. ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதி வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள், பிடிக்கிற கைகளில் எல்லா மதத்துக் கையும் இருக்கும். மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரிக்கும், தேற்றரவு மாதா கோயில் தேருக்கும் அதே கூட்டம்தான். அந்நியனை முறைச்சுப் பார்க்கிற பழக்கம் எங்க ஊருக்குக் கிடையாது. எத்தனையோ கொடி ஏறி இறங்கினதைப் பார்த்த ஊர்.

இன்னொரு குணம் காத்திருப்பது. பரமதத்தனுக்குக் காத்திருந்தது, கூலிக்குப் போனவன் கடுதாசிக்குக் காத்திருந்தது, இப்போ துபாய், சிங்கப்பூர் பணத்துக்குக் காத்திருக்கிறது. விவசாயி தண்ணிக்குக் காத்திருக்கிறான். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, தஞ்சாவூர், கும்பகோணம் எல்லாம் நனைந்த பிறகு மிச்சம்தான் எங்களுக்கு. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு என்று 7 டி.எம்.சி. ஒதுக்கினது 2007இல், 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாத்தலை. அந்த 7 டி.எம்.சி. காரைக்காலுக்குத்தான். தாளில் இருக்கிற தண்ணி நாத்து விடுகிற வாரத்தில் வாய்க்காலில் இருக்கணுமே, அதுதான் பாடு. வாய்க்காலில் மட்டுமில்லை, அரசாங்க ஃபைலிலும் நாங்க கடைமடைதான். புயல் நிவாரணம் தமிழ்நாடு அறிவிச்சா பக்கத்து வயல்காரனுக்குக் கிடைக்கும், எனக்குப் புதுச்சேரி தனியா அறிவிக்கணும்.

இதில் ஒண்ணுதான் என் மனசை உறுத்துது. 2020இல் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. நல்ல காரியம். ஆனா அந்தச் சட்டம் எல்லையோடு நின்றுவிடும். மண் ஒண்ணு, ஆறு ஒண்ணு, பயிர் ஒண்ணு, சட்டம் மட்டும் ரெண்டு. திருநள்ளாறு ரோட்டில் போகும்போது சன்னலோரம் பாருங்க. சம்பா நிக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கல் நட்டு, கொடி கட்டி, "மனைகள் விற்பனைக்கு" போர்டு இருக்கும். விக்கிறவனைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணி வருமா வராதான்னு வருஷா வருஷம் சூதாடினவனுக்கு அலுப்பு வரத்தான் செய்யும்.

ஆனா ஒரு கணக்கு இருக்கு. பிரெஞ்சுக்காரன் காரைக்காலைத் தேடி வந்தது கோயிலுக்காக இல்லை, கடற்கரை அழகுக்காகவும் இல்லை. அரிசிக்காக வந்தான். அந்த அரிசியால்தான் இந்த 160 சதுர கிலோமீட்டர் வரைபடத்தில் தனி நிறத்தில் இருக்கு. நெல்லு போயிட்டா, எதுக்காக இப்படித் தனியா இருக்கோம்னு எங்க பேரப்பிள்ளைங்க கேட்டா சொல்றதுக்குப் பதில் இருக்காது.

அடுத்த தடவை சனிப்பெயர்ச்சிக்கு வர்றவங்க தை மாசம் ஒரு நடை கூடுதலா வாங்க. அறுப்பு சமயம். அரசலாற்றுப் பாலத்தில் நின்னு மேற்கே பார்த்தா வயல், கிழக்கே பார்த்தா கடல். காரைக்கால் ரெண்டுக்கும் நடுவில் இருக்கு.