எல்காட் கொடுத்த டிவியும் எல்காட் கொடுத்த லினக்ஸும்

ஆம்பூரில் வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கும் வழக்கத்துக்கு யாராவது வரலாறு எழுதினால், அதில் பாதி எல்காட் என்கிற அரசு நிறுவனத்தின் டெண்டர்களில்தான் கிடைக்கும். 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த 14 அங்குல இலவச கலர் டிவியை வாங்கிக் கொடுத்தது எல்காட். 2011-க்குப் பிறகு பிள்ளைகள் கையில் வந்த இலவச லேப்டாப்பும் எல்காட் வாங்கியதுதான். பஜாரில் ரிப்பேர் கடை வைத்து இரண்டையும் கழற்றிப் பார்த்தவன் நான்.

அதற்கு முன்னால் இருந்தது வீடியோ டெக்கு. எண்பதுகளில் கல்யாண வீட்டுக்கும், ஷூ கம்பெனியில் போனஸ் போட்ட வாரத்திலும் டிவியும் டெக்கும் ஒரு ராத்திரி வாடகைக்கு வரும். விடிய விடிய மூன்று படம். பிறகு விசிடி பிளேயர் வந்தது. கூடவே, சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி, 4440 ஐசி போட்டு, மரப்பெட்டிக்குள் நாங்களே அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர். கடை செட்டைவிட இதற்குத்தான் மவுசு. வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்தெல்லாம் ஆர்டர் வரும்.

கம்ப்யூட்டர் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது டேனரிகளாலும் ஷூ கம்பெனிகளாலும். ஏற்றுமதி ஆபீஸ்களில் புது மெஷின் வந்ததும் பழைய பென்டியம் 4-ஐக் கழித்துவிடுவார்கள். சூப்பர்வைசரோ கணக்குப்பிள்ளையோ அதை வீட்டுக்குக் கொண்டுபோய் டிவியோடும் ஆம்ப்ளிஃபயரோடும் மாட்டுவார்கள். எல்லாமே விண்டோஸ் எக்ஸ்பி. படம் ஏற்றித் தரும் கடையிலிருந்து பென் டிரைவ் வரும். அதோடு வைரஸும் வரும். செருகின உடனே ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக் கூட்டம் நிற்பதுபோல என் கடையில் திங்கட்கிழமை சிபியூக்கள் நிற்கும். ஃபார்மேட் போட்டுக் கொடுத்தே பிழைப்பு ஓடியது. பொய் சொல்வானேன், அந்த வைரஸ்களுக்கு நான் கடன்பட்டவன்.

இதே காலத்தில் சென்னையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றினார். 2007-ல் தொடங்கிய அரசு கேபிள் டிவி கழகத்தையும் அவரிடமே கொடுத்தார்கள். அதன் கட்டுப்பாட்டு அறைகளில் ஒன்று எங்கள் வேலூரில் அமைந்தது. அந்த 2007-லேயே சென்னையிலுள்ள மத்திய அரசு நிறுவனமான சி-டாக், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் ஊருக்கு வந்தது அதுதான்.

வந்ததற்கு ஊர் கொடுத்த வரவேற்பைச் சொல்ல வேண்டும். ஆன் செய்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் மெனுவைப் பார்த்துப் பயந்து, "அண்ணே, இந்த பாஸை எடுத்துட்டு அந்த இடத்தையும் படம் வைக்கச் சேர்த்துக் கொடுங்க" என்று வரிசையில் வந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு நானும் அழித்துக் கொடுத்தேன். இலவச லேப்டாப்பை இலவச டிவியில் மாட்டவும் ஆசைப்பட்டார்கள். லேப்டாப்பில் விஜிஏ, டிவியில் மஞ்சள் வெள்ளை ஏவி பின். ஒரே நிறுவனம் வாங்கிய இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே கன்வெர்ட்டர் ஒன்று தேவைப்பட்டது. அதையும் விற்றேன்.

2014 ஏப்ரல் 8-ந் தேதி எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கையை விரித்தது. துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழ்நாடு அரசே சொன்ன நேரம் அது. பழைய மெஷின் புது விண்டோஸைத் தாங்காது என்பதால் நானும் டிவிக்கு மாட்டிய கம்ப்யூட்டர்களில் லுபுண்டு என்கிற லேசான லினக்ஸைப் போட ஆரம்பித்தேன். எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்காகப் பிறந்து, பிறகு லினக்ஸுக்கு வந்த எக்ஸ்பிஎம்சி என்கிற படம் போடும் மென்பொருள், அந்த ஆண்டுதான் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ரிமோட்டில் படம் போட அதுவே போதும்.

இடித்தது சத்தம். ஐந்து ஸ்பீக்கர் வைத்த வீட்டில் இரண்டு மட்டும் பாடும். மூன்று ஓட்டை உள்ள மதர்போர்டில் நீலம் லைன்-இன், ரோஸ் மைக். டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்கிற சத்தம் சரிசெய்யும் நிரலைத் திறந்து, 'சேனல் மோடு' என்பதை இரண்டிலிருந்து ஆறாக்கினால்தான் நீலம் பின் ஸ்பீக்கருக்கும், ரோஸ் நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் திரும்பும். பிறகு ஒவ்வொரு பட்டையின் கீழும் எம்எம் என்று நிற்கும் ஊமைக்குறியை எம் விசையைத் தட்டி எடுக்க வேண்டும். இதைச் சொல்லித்தர அன்றைக்கு எனக்கு இங்கே ஆள் இல்லை.

ஆனால் வாடிக்கையாளரை மடக்கிப் போட்டது சத்தமோ வைரஸ் பாதுகாப்போ அல்ல. டேனரியில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாய், உருதுவில் பெயரிட்ட கவ்வாலிகளும் தமிழில் பெயரிட்ட பழைய பாட்டுகளும் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய எக்ஸ்பியில் இரண்டும் வெறும் கட்டங்கள். சிடியைப் போட்டு மொழி ஆதரவைத் தனியாக ஏற்ற வேண்டும், அதை யாரும் செய்து கொடுக்கவில்லை. லினக்ஸில் திறந்ததும் வலமிருந்து உருது, இடமிருந்து தமிழ், பட்டியலாக நின்றன. "தம்பி, இத்தனை வருஷம் நம்பர் போட்டில்ல ஞாபகம் வச்சிருந்தேன்," என்றார். அடுத்த வாரம் அவர் தெருவிலிருந்தே இரண்டு பேரை அனுப்பி வைத்தார். சுதந்திர மென்பொருள் கொள்கையைப் பேசி நான் ஒருவரையும் மாற்றியதில்லை.

2019-ல் ஆம்பூர், வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பத்தூருக்குப் போனது. அதற்குள் வீட்டு டிவிகளும் மாறிவிட்டன. ஆண்ட்ராய்டு டிவி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் எல்லாவற்றின் அடியிலும் லினக்ஸ் கெர்னல்தான் ஓடுகிறது. பாஸை அழிக்கச் சொன்ன வீடுகளிலும் அதுதான். வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை, நானும் விட்டுவிட்டேன்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் கையை விரித்த பிறகு, அந்த மெஷின்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. ஷூ கம்பெனி ஆபீஸ்கள் கழித்தவைதான் இப்போதும். "டிவிக்கு மாட்டத்தானே?" என்று மட்டும் கேட்கிறேன். ஆமாம் என்றால் ராத்திரிக்குள் தயாராகிவிடும். விண்டோஸுக்கென்றே எழுதிய டேலி கணக்கு மென்பொருள் வேண்டும் என்றால் வேறு பேச்சு.