முகப்பரு மருந்துகளின் கதை

கண்ணாடியில் முகம் பார்க்கும்போது, நேற்று இல்லாத பரு இன்று எங்கிருந்து முளைத்தது என்று நீங்கள் வியந்ததுண்டா? உண்மையில் அது ஒரே இரவில் முளைத்ததன்று. வெளியே தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் உருவாகத் தொடங்கிவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பருவுக்கான பூச்சு மருந்துகளின் வரலாறு எளிதில் விளங்கும்.

பரு தோன்றும் விதம்

மயிர்க்காலோடு எண்ணெய்ச் சுரப்பி இணைந்துள்ளது. இளம் பருவத்தில் ஹார்மோன்களின் தூண்டுதலால் அது மிகுதியாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, துளையைத் தக்கைபோல் அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில், ஆக்சிஜன் குறைந்த இடத்தை விரும்பும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது. அழற்சி உண்டாகிப் பரு சிவக்கிறது. கரும்புள்ளியின் கருமை அழுக்கன்று. எனவே சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

மாவை வெளுத்த பொருள்

பென்சாயில் பெராக்சைடு, கோதுமை மாவை வெளுக்கப் பயன்பட்ட பொருள். அதன் மூலக்கூறில் இரு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு வலுவற்றது. அது உடையும்போது பிறக்கும் வினைத்திறன் மிக்க துணுக்குகள் பாக்டீரியாவை அழிக்கின்றன. 1965-இல் கனடா நாட்டு மருத்துவர் வில்லியம் பேஸ், கந்தகத்தோடு இதைக் கலந்த களிம்பைப் பற்றி எழுதினார். வீரியம் கூடினால் பயனும் கூடும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் 1986-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அழற்சிப் பருக்களைக் குறைப்பதில் 2.5 விழுக்காட்டுக் கூழ் 10 விழுக்காட்டுக் கூழுக்கு ஈடாக இருந்தது, எரிச்சலோ குறைவு.

சிறையிலிருந்து வந்த அறிவு

வைட்டமின் ஏ-யின் அமில வடிவமே ட்ரெட்டினாயின். செல்கள் ஒட்டாமல் தடுத்து, தக்கையையே தளர்த்துவது இதன் சிறப்பு. 1969-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய துணைவர்களும் இதன் பயனை வெளியிட்டனர். 1971-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

இக்கதைக்கு இருண்ட பக்கமும் உண்டு. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கிளிக்மன் கைதிகளின் தோலில் பல பொருள்களைச் சோதித்தார். ட்ரெட்டினாயினும் அவற்றுள் ஒன்று. கைதிகளுள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சிறு தொகை கொடுக்கப்பட்டது. ஆபத்துகள் சரிவரச் சொல்லப்படவில்லை. 2021-இல் பல்கலைக்கழகமும், 2022-இல் நகர நிர்வாகமும் மன்னிப்புக் கேட்டன. மருந்து பலருக்கு உதவியது மெய்யே. ஆயினும் பயன் கிடைத்தது என்பதால் தவறு நேராகிவிடுமா? சிந்தித்துப் பாருங்கள்.

எதை, எப்போது?

1970-களில் எரித்ரோமைசின், கிளிண்டமைசின் பூச்சுகள் வந்தன. விரைவிலேயே அவற்றை எதிர்த்து நிற்கும் பாக்டீரியாக்கள் தோன்றின. ஆதலால் இவற்றைத் தனியாகப் பூசாமல் பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்தே தருகிறார்கள். அதற்கு எதிர்ப்பு உருவாவதில்லை.

கரும்புள்ளிகளும் சிறு அடைப்புகளும் மட்டும் இருந்தால் ட்ரெட்டினாயின் அல்லது 1996-இல் அமெரிக்க அனுமதி பெற்ற அடாபலீன் பொருந்தும். சிவந்த பருக்கள் இருந்தால் பென்சாயில் பெராக்சைடும் வேண்டும். ட்ரெட்டினாயினை ஒளி சிதைக்கும். அதனால் இரவில் பூசுகிறோம். பெராக்சைடும் அதைச் சிதைக்கக்கூடும். ஆகவே இரண்டையும் ஒரே வேளையில் பூசுவதில்லை. அடாபலீன் இரண்டையும் தாங்கும். கர்ப்பிணிகள் இவ்வகை வைட்டமின் ஏ மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். மாவை வெளுத்த பெராக்சைடு உங்கள் தலையணை உறையையும் வெளுக்கும், எச்சரிக்கை! முகம் சிவப்பாகும் என்று யாரோ சொன்னதற்காக ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசாதீர்கள். அதுவே பருவை உண்டாக்கும்.

பத்து நாளில் பலனில்லை என்று குழாயை வீசி எறிபவர் பலர். பரு உருவாகப் பல வாரங்கள் ஆயின அல்லவா? அது அடங்கவும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் கொடுங்கள். அதன் பிறகும் அடங்காவிட்டால், அல்லது தழும்பு விழத் தொடங்கினால், தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.