சிரட்டைக்கரியும் பீங்கான் அடுப்பும்: வாங்குவதா, வாங்கினால் எந்த அளவு?

2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 12.5 கிலோ சமையல் எரிவாயுச் சிலிண்டர் ஒன்றின் விலை 1,493 ரூபா. 2022 ஏப்ரல் இறுதியில் அதே சிலிண்டர் 4,860 ரூபாவானது. விலையை விடவும் காசு இருந்தும் சிலிண்டர் கிடைக்காததே பெரிய இடி. 1990 யூன் மாதத்துக்குப் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயை அளந்து எரித்த எமது சனத்துக்கு இது புதிய அனுபவம் அல்ல. விறகுக்காலை, மரத்தூள் அடுப்பு, காவோலை, பனைமட்டை என்று பழைய வழிகளுக்கு வீடுகள் திரும்பின.

அதன் பிறகு திருநெல்வேலி போன்ற நெருக்கமான இடங்களில் ஒரு கேள்வி நிலைத்து நிற்கிறது. புகை குறைந்த கரி அடுப்பு ஒன்றை வாங்கி வைத்தால் என்ன? வெளிநாட்டில் உள்ள உறவுகளோ முட்டை வடிவப் பீங்கான் அடுப்பின் படத்தை அனுப்பி, "இது நல்லதா, எந்த அளவு எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு பொருட்கள். குழப்பிக்கொண்டால் காசு வீண்.

முட்டை வடிவ அடுப்பின் பெயர் கமாடோ. யப்பானிய மொழியில் அடுப்பு என்பதே அதன் பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யப்பானில் இருந்து திரும்பிய அமெரிக்கப் படையினர் அதை ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1974 இல் அத்லாந்தாவில் தொடங்கிய பிக் கிறீன் எக் நிறுவனம் அதைப் பெரும் வணிகமாக்கியது. தடித்த பீங்கான் சுவர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கீழும் மேலும் உள்ள காற்றுத் துவாரங்களைத் திறந்து மூடி வெப்பத்தைக் கட்டுப்படுத்தலாம். இறைச்சியை மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கவும், கடும் சூட்டில் பாண் சுடவும் இதில் முடியும். சோறு, புட்டு, குழம்பு என்ற எமது நாளாந்தச் சமையலுக்கு இது செய்யப்பட்டதல்ல. ஊரில் இருப்பவருக்கு இதை அனுப்பி வைப்பது வீண் செலவு என்பதே என் கருத்து. நடுத்தர அளவே 50 கிலோ அளவில் நிறை. வழியில் விழுந்தால் உடைந்துவிடும்.

ஊருக்குப் பொருந்துவது மண் அல்லது பீங்கான் உள்ளோடு வைத்த வாளி அடுப்பு. தாய்லாந்தின் வாளி அடுப்பைப் பார்த்துக் கென்யாவில் 1980களில் உருவாக்கிய ஜிகோ என்ற கரி அடுப்பு அந்நாட்டு நகரங்களெங்கும் பரவியது. வெளியே தகரம், உள்ளே சுட்ட மண். வெறும் தகர அடுப்போடு பார்க்கையில் கரிச் செலவு மூன்றில் ஒன்று முதல் பாதி வரை குறையும். இலங்கையில் அதே காலத்தில் பரப்பப்பட்ட அனகி அடுப்பு இரண்டு சட்டி வைக்கக்கூடிய மண் அடுப்பு. அது கரிக்கு அல்ல, விறகுக்கு. வளவில் கிளிசறியா, பூவரசு வெட்டிப் போடும் வசதி உள்ளவருக்குக் கரி அடுப்பை விட அனகியே இலாபம்.

இலாபம் என்ற பேச்சு வந்தால் கணக்குப் பார்க்க வேண்டும். எரிவாயு ஒரு கிலோவில் 46 மெகாயூல் அளவில் சக்தி உண்டு. நல்ல கரியில் 29, காய்ந்த விறகில் 15 அல்லது 16. எரிவாயு அடுப்பில் அதில் ஏறத்தாழப் பாதி சட்டிக்குப் போகிறது. நல்ல கரி அடுப்பில் கால்பங்கு அல்லது சற்று மேல். பெருக்கிப் பார்த்தால் ஒரு 12.5 கிலோ சிலிண்டர் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ 35 கிலோ கரி வேண்டும். ஆகவே உங்கள் கடையில் ஒரு கிலோ கரியின் விலையை 35 ஆல் பெருக்குங்கள். வருகிற தொகை சிலிண்டர் விலையை விடக் கூட என்றால், கரி அடுப்பு ஆபத்துக்கு உதவும் பொருளே தவிரச் சிக்கனம் அல்ல. 2022 ஏப்ரல் இறுதி விலையில்கூடக் கரி கிலோ 140 ரூபாவுக்குக் கீழே இருந்தால்தான் கட்டுப்படியாகியிருக்கும். சொந்தச் சிரட்டையும் ஊமலும் சுட்டுக் கரியாக்குபவருக்கு இந்தக் கணக்கு வேறு. துணி மினுக்கவும் பல் துலக்கவும் ஊமற்கரி வைத்திருந்த வீடுகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மிக முக்கியமான விடயம் காற்று. கரியில் புகை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணக்கூடாது. தணல் நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டை வெளிவிடும். தலையிடி, மயக்கம், பிறகு நித்திரையிலேயே மரணம். பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாடகை அறைகளில் தங்கும் பிள்ளைகள் கதவைப் பூட்டிக்கொண்டு கரி அடுப்பில் தேநீர் வைக்கவே கூடாது. குளிர்நாடுகளில் மழைக்கும் பனிக்கும் பயந்து பார்பிகியூவை கராஜுக்குள் இழுப்பதும் அதே ஆபத்து. தணல் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் வாயு வந்துகொண்டிருக்கும். விறகுப்புகையும் சாதாரணமானதல்ல. வீட்டுக்குள் எழும் புகை மாசினால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

போரில் காயப்பட்டவர் உள்ள வீடுகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குக் காலில் உணர்ச்சி இருக்காது. அடுப்பின் பக்கம் கால் பட்டுத் தோல் வெந்தாலும் தெரியாது. சக்கர நாற்காலியில் இருந்து சமைப்பவருக்கு நிலத்தில் வைத்த அடுப்பு ஒத்துவராது. மேடை கட்டி, முழங்கால் உள்ளே போக இடம் விட்டு, அடுப்பைக் கை எட்டும் தூரத்தில் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். செயற்கைக் கால் போட்டவருக்கும் குந்தியிருந்து ஊதுவது கடினம். மேடை அவருக்கும் உதவும். முகமாலை போல வெடிபொருள் அகற்றும் வேலை நடந்த பகுதிகளில் நிலத்தில் நேரே தீ மூட்டாமல் உயர்த்தி வைப்பது உயிருக்கே பாதுகாப்பு.

இனி அளவு. வாளி அடுப்பில் ஆட்களை எண்ணாமல் சட்டியை அளவுங்கள். நாளாந்தம் சோறு வைக்கும் சட்டியின் அடியை விட அடுப்பின் வாய் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். பெரிதானால் சூடு பக்கவாட்டில் போய்விடும். அப்பம், வடை சுட்டு விற்கும் பெண்கள் ஒரு பெரிய அடுப்பை விட இரண்டு சிறியதை எடுப்பது நல்லது. ஒன்று வெடித்தாலும் அன்றைய வியாபாரம் நிற்காது.

கமாடோ எடுக்கும் புலம்பெயர் குடும்பங்களுக்கு: கம்பித்தட்டின் விட்டம் 13, 15, 18, 24 அங்குலம் என்ற அளவுகளிலேயே பெரும்பாலும் வரும். 18 அங்குலத் தட்டின் பரப்பு 13 அங்குலத்தை விட ஏறத்தாழ இரட்டிப்பு. இரண்டு மூன்று பேருக்கு 13 போதும். நான்கு பேர் வீட்டில் இருந்து, மாதம் ஒருமுறை சொந்தங்கள் கூடினால் 18. இருபது முப்பது பேருக்குச் சமைப்பது வழக்கம் என்றால் மட்டும் 24. அத்தனை பீங்கானும் சூடேறவே கரியும் நேரமும் கூடப் போகும். தொடர்மாடியில் இருப்போர் கட்டட நிர்வாகத்திடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

இதற்குள் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கும் எமது பழக்கத்தை விட வேண்டும். பீங்கான் அந்த மணத்தைக் குடித்துக்கொண்டு கறியில் விடும். கடும் சூட்டில் மூடியைச் சட்டென்று திறந்தால் தீ முகத்தில் பாயும். முதலில் ஒரு விரற்கடை திறந்து காற்றை விட்டுப் பிறகு திறக்கவும். தண்ணீர் ஊற்றி அணைத்தால் வெடிக்கும். இரண்டு துவாரங்களையும் மூடினால் தானாக அணையும், மிச்சக் கரியும் அடுத்த நாளுக்கு உதவும்.

மண் வாளி அடுப்பை வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள்: கணீரென்று கேட்டால் நல்லது, மந்தமான ஓசை என்றால் உள்ளே கீறல். வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, முதல் நாள் ஒரு பிடி கரி, மறுநாள் சற்றுக் கூட என்று புதுச் சட்டி பழக்குவது போலப் பழக்கிய பிறகே முழுத் தணல் போடவும்.