பட்டியலில் இல்லாதவர்கள்: மன்னார் கேட்கும் கணக்கு

தொண்டுப் பணியின் பயனை எதைக்கொண்டு அளப்பது? பத்திரிகை மேசையில் நான் பணியாற்றிய நீண்ட காலத்தில், அரசசார்பற்ற நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். வழங்கிய அரிசி எத்தனை மூடை, அமைத்த கொட்டில்கள் எத்தனை, பயனடைந்த குடும்பங்கள் எத்தனை என்ற விபரங்கள் அவற்றில் தவறாமல் இருக்கும். செய்ததைச் சொல்லும் கணக்கு அது. செய்ததால் விளைந்தது என்ன என்பது வேறு கணக்கு. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தை மன்னாரின் அண்மைக்கால வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபோது, தமிழகத்துக்குப் படகேறும் நோக்குடன் ஆயிரக்கணக்கானோர் மன்னார்க் கரைகளை நாடினர். 1987 ஆம் ஆண்டின் இலங்கை - இந்திய உடன்படிக்கையையடுத்து, நாடு திரும்பும் அகதிகளுக்கு உதவுவதற்காகவே ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் இங்கு வந்திருந்தது. திரும்பி வந்தவர்களே மறுபடியும் ஓட நேர்ந்ததைக் கண்ட அவ்வமைப்பு, பேசாலையிலும் மடுவிலும் 'திறந்த நிவாரண நிலையங்களை' ஏற்படுத்தியது. மக்கள் விரும்பியபோது வரலாம், விரும்பியபோது போகலாம். ஒரு கட்டத்தில் மடுவில் மட்டும் 20,000 க்கும் அதிகமானோர் தஞ்சமடைந்திருந்தனர்.

இம்முயற்சி வெற்றியா, தோல்வியா? அப்போது கொழும்பில் அவ்வமைப்பின் பிரதிநிதியாக இருந்த வில்லியம் கிளாரன்ஸ், போரின் நடுவே கைக்கொள்ளத்தக்க நடைமுறைவழி என்று 1991 இல் இதனை விளக்கி எழுதினார். புவியியல் அறிஞர் ஜெனிபர் ஹின்ட்மன் 2003 இல் பொஸ்னியா, சோமாலியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் பாதுகாப்பிடங்களை ஒப்பிட்டு, இத்தகைய இடங்கள் அவலத்தைத் தடுப்பவையா, தணிப்பவையா, தண்டிப்பவையா என்ற வினாவை எழுப்பினார். மக்களை உள்நாட்டிலேயே நிறுத்திவைப்பது, கடல் கடந்து புகலிடம் கோரும் உரிமையைச் சுருக்கிவிடாதா என்பதே இவ்விவாதத்தின் மையம். இரு பார்வைகளிலும் நியாயம் உண்டு. தப்பிய உயிர்களை எண்ணுவது எளிதன்று. நிலையம் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எவரும் பார்த்ததில்லை.

இவ்விரு தீர்ப்புகளிலும் அடங்காத மக்களும் இருக்கிறார்கள். அதே 1990 இன் ஒக்டோபர் மாத இறுதியில், எருக்கலம்பிட்டி உள்ளிட்ட ஊர்களின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்களிற் பலர் படகுகளில் கல்பிட்டியையும் புத்தளத்தையும் சென்றடைந்தனர். வடக்கிலிருந்து இவ்வாறு விரட்டப்பட்டோர் சுமார் 75,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. மடுவிலும் பேசாலையிலும் எத்தனை பேர் காக்கப்பட்டனர் என்று மட்டும் அளந்தால், அதே மாவட்டத்தில் ஒரு சமூகமே வேரோடு பெயர்க்கப்பட்டது அந்த ஏட்டில் தென்படாது. 2009 க்குப் பின்னர் இவர்கள் 'பழைய அகதிகள்' என வகைப்படுத்தப்பட்டனர்; மீள்குடியேற்ற உதவியில் 'புதிய அகதிகளுக்கே' முன்னுரிமை கிடைத்தது. பட்டியலின் தலைப்பு ஒன்றே ஒருவரின் உரிமையைத் தீர்மானித்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பயன் நிலைக்குமா என்பது அடுத்த வினா. பல்லாண்டுகள் அடைக்கலம் தந்த மடு தேவாலய வளாகத்திலேயே 1999 நவம்பர் 20 அன்று எறிகணைகள் வீழ்ந்து சுமார் 40 பேர் மாண்டனர். 1991 இல் எழுதப்பட்ட எந்த மதிப்பீடும் இதனை உள்ளடக்கியிருக்க இயலாது.

இறுதிப் போரில் எண்ணிக்கையே உயிர்ப் பிரச்சினையாயிற்று. 2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகளும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டகன்றன. 2009 தொடக்கத்தில், போர் வலயத்தில் இருப்போர் சுமார் 70,000 பேர் என்றது அரசு. பின்னர் உயிரோடு வெளியே வந்தவர்களோ அதன் பல மடங்கு. தலைகளைக் குறைத்து எண்ணினால் உணவும் மருந்தும் குறையும் என்பது எளிய கணிதம்.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கழித்தற் கணக்கை வைத்தார். கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு நேர்ந்தது என்ன? நிவாரணத்துக்கான பதிவுகள் மிகைப்பட்டிருக்கலாம் என்று வாதிட்டோர் உண்டு. ஆயர் கேட்டது விளக்கம், அது கிடைக்கவில்லை. அவர் 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார்.

ஐ.நா. தன் பணியைத் தானே ஆராய்ந்து 2012 இல் வெளியிட்ட அறிக்கை, இலங்கையில் தனது கட்டமைப்பே தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டது. உதவி வழங்கும் அமைப்பொன்று தன் தோல்வியை அளந்து எழுதியது பாராட்டத்தக்கதே. ஆயினும் அது மூன்றாண்டுகள் கழித்து வந்தது.

நிவாரணத்துக்கென எழுதிய எளிய பதிவேடுகளே பிற்காலத்தில் நீதி கோரும் சான்றுகளாயின என்பதை மன்னார் நமக்குச் சொல்கிறது. ஆகவே மதிப்பீட்டாளர்கள் 'எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்?' என்ற கேள்வியோடு நின்றுவிடலாகாது. 'உங்கள் பட்டியலில் இல்லாதவர் யார், அவர் எங்கே?' என்பதையும் கேட்க வேண்டும்.